இன்றைய உபயம்: றஹீம், சைப்பிரஸ்

எனக்குப் பொறுமை குறைவு. நடந்த அத்தனைக்கும் அதுதான் காரணம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2008இல் அலுவிகாரையில் ஒரு சின்னத் தொண்டு நிலையத்தில் வேலை பார்த்தேன். தேயிலைத் தோட்டங்களிலிருந்து மாத்தளை டவுனுக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு அங்கே பகல் சாப்பாடு. யார் காசில் அன்றைக்குச் சோறு பொங்குகிறதோ, அவர் பெயரைச் சாப்பாட்டு அறைக் கரும்பலகையில் எழுதுவது வழக்கம்: ‘இன்றைய உபயம்: இன்னார்.’ கோயில் வழக்கம்தான். எங்கள் டிரெக்டர் ஒஸ்வல்ட் சேர் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர், ஆனாலும் அது அவருக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

அந்த வருஷம் ஜனவரியில் எங்கள் இணையத்தளத்தில் காசு கட்டும் வசதி வந்தது. வெளிநாட்டில் இருப்பவர் பெயரையும் ஈமெயிலையும் அடித்து, கார்டு நம்பரைக் கொடுத்தால் போதும். அந்தக் காசை வாங்கி எங்கள் பேங்குக்கு அனுப்பும் கம்பெனி, யார் யார் கட்டினார்கள் என்று ஒரு பட்டியலும் அனுப்பும். அதை நான் கொம்பியூட்டரில் இருக்கும் உபயகாரர் பதிவேட்டுக்குள் ஏற்ற வேண்டும். நன்றிக் கடிதம், பலகையில் எழுதும் பெயர் எல்லாம் அந்தப் பதிவேட்டிலிருந்துதான் எடுப்போம்.

பதிவேடு ஆளை அடையாளம் காண்பது ஈமெயிலை வைத்து. பெப்ரவரியில் ஒரு நாள், சைப்பிரஸிலிருந்து வந்த பதினொரு பேரை ஏற்றும்போது அது கேட்டது: ‘இந்த ஈமெயில் ஏற்கெனவே றஹீம் என்பவருடையது. பெயர் வேறாக இருக்கிறது. அதே ஆளா, புது ஆளா?’ யாரோ நல்ல மனுஷன், வீட்டார் பெயரிலெல்லாம் கட்டுகிறார் என்று நினைத்து ‘அதே ஆள்’ என்று அமுக்கினேன். அடுத்த பெயருக்கும் கேட்டது. அதற்கடுத்ததற்கும் கேட்டது. “ஒரு தடவ சொன்னா வெளங்காதா ஒனக்கு?” என்று கொம்பியூட்டரை அதட்டிவிட்டு, ‘இனிமேல் கேட்காதே’ என்ற கட்டத்தில் ஒரு சரி போட்டேன். அதற்குப் பிறகு அது கேட்கவேயில்லை; எல்லாக் காசும் றஹீம் பெயரிலேயே ஏறியது.

மாதத்தின் முதல் ஞாயிறு காசு வரும்; மறுநாள் பலகையில் ‘றஹீம், சைப்பிரஸ்’ என்று எழுதுவோம். அவருடைய போட்டோவை வாங்கிக் கண்ணாடி போட்டு மாட்டியே ஆகவேண்டும் என்று ஒஸ்வல்ட் சேர் ஒற்றைக்காலில் நின்றார்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, ரத்தோட்டை பஸ்ஸில் சவரியம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும், கொழுந்து எடுக்கிறவர். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. என் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டே கேட்டார்.

“மிஸ், எம் மக ஜோசப்பின் சாப்பாட்டுக்குக் கடைசியா எப்ப காசு கட்டுனான்னு பாத்துச் சொல்றீங்களா? திகதி வேணும்.”

“திகதி எதுக்கும்மா?”

“ஆத்தும பூச வைக்கணும். செத்த நாள் தெரியல. காசு நின்ன திகதிய வச்சுப் பாதருகிட்ட சொல்லிக்கிறேன்.”

கதையை அவர் நிதானமாகத்தான் சொன்னார். மகள் மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டு வேலைக்குச் சைப்பிரஸ் போனவள். பக்கத்து வீட்டாருடைய போனுக்குத்தான் எடுப்பாள். ஜனவரியில் அவர்கள் கொழும்புக்குக் குடிபோனார்கள், போனும் கூடவே போயிற்று. விலாசம் கேட்கலாமென்றால் ஏஜென்சிக்காரன் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டான். கடைசியாகப் பேசும்போது ஜோசப்பின் சொல்லியிருக்கிறாள்: “மாசம் மொத ஞாயித்துக்கெழம புள்ளைங்க சாப்பாட்டுக்குக் கட்டப்போறேன்மா. போர்டுல பேரு வரும். பேரு வந்தா நா நல்லா இருக்கேன்னு வச்சுக்க.”

“பக்கத்து லயத்து வீட்டுப் புள்ள இங்கதான் சாப்பிடுது. மாசாமாசம் அதுகிட்ட கேப்பேன். றஹீமுன்னுதான் எழுதியிருக்குங்கும். எட்டு மாசம் பாத்துட்டேன். அவ சொன்னா செய்யிறவ மிஸ்.”

பதிவேட்டில் ஜோசப்பின் என்று அடித்தேன். ஒன்றும் வரவில்லை. “அப்பிடி ஒரு பேரே இல்லயேம்மா” என்றேன், கடைக்காரன் சீனி இல்லை என்று சொல்வானே, அப்படி.

“அப்ப ஒரு தடவகூடக் கட்டல. ஜனவரியிலயே போய்ட்டா” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்தார். அழவில்லை. “வர்றேன் மிஸ்” என்று வாசல் வரை போய்விட்டார்.

அப்போதுதான் எனக்குச் சைப்பிரஸ் என்ற பெயர் உறைத்தது. என் சொந்தத் தம்பி வேலைக்கு விண்ணப்பம் போட்டால் மாத்தளையில் போன், இன்டர்நெட் வைத்திருக்கும் கொமியூனிகேஷன் கடைக்காரருடைய ஈமெயிலைத்தான் எழுதுவான். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். தனக்கென்று ஈமெயில் வைத்திருந்தவர் எத்தனை பேர்? ஒரு ஈமெயில் என்றால் ஒரு ஆள் என்று அந்தப் பதிவேட்டைச் செய்த வெள்ளைக்காரன் நினைக்கலாம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“அம்மா, நில்லுங்க!”

கம்பெனி அனுப்பிய பட்டியல்களைத் திறந்தேன். ஒரே ஈமெயில், பதினொரு பெயர்கள். ஏழாவது வரியில் ஜோசப்பின் லோரன்ஸ். பெப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று எட்டு மாதமும் இருந்தது. எல்லாம் முதல் ஞாயிறு.

“லோரன்ஸ் யாரும்மா?”

“எம் புருசன்.”

“கட்டியிருக்காங்க. கடைசியா ஒம்போது நாளைக்கு முன்னாடி.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “அப்ப இருக்காளா?”

ஆமாம் என்று சொல்ல வாய் துடித்தது. ஆனால் சிலர் மாதாமாதம் தானாகவே காசு போகிற மாதிரி எழுதி வைத்துவிடுவார்கள். ஆள் போனாலும் காசு வந்துகொண்டிருக்கும். பார்த்தேன், பட்டியலில் அதற்கான கட்டம் வெறுமையாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் யாரோ புதிதாக அடித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். அது அவள் சொல்லியா, அல்லது அவள் நினைவாக வேறு யாருமா என்பது மட்டும் தெரியவில்லை.

“அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. காசு கட்டுனவருக்கு எழுதிக் கேக்குறேன். வியாழக்கெழம வாங்க. அதுவரைக்கும் பூசைக்குக் குடுத்துறாதீங்க.”

அந்த ஈமெயிலுக்கே எழுதினேன். வியாழன் காலை பதில் வந்திருந்தது.

றஹீம் மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளைக்காரர், நிக்கோசியாவில் கடை வைத்திருக்கிறார். ‘எங்கட ஊர்ப் பிள்ளைகளுக்குக் கார்டும் இல்லை, ஈமெயிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கடைக்கு வந்து கையில் காசு தருவார்கள். நான் என் கார்டில் கட்டி, அவரவர் பெயரை அடிப்பேன். நீங்கள் என்னடாவென்றால் மாசம் பதினொரு கடிதம் எனக்கு நன்றி சொல்லி எழுதுகிறீர்கள். ஜோசப்பின் சுகமாக இருக்கிறா. வேலை செய்யும் வீட்டில் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். லயத்துக்கு எழுதிய இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லையாம். போர்டில் பேரைப் பார்த்தும் அம்மா ஒரு வார்த்தை எழுதவில்லையே, என்ன கோபமோ என்று அவ இங்கே இருந்து அழுகிறா. ஒரு நம்பர் அனுப்புங்கள், ஞாயிறு மூன்று மணிக்குப் பேச வைக்கிறேன்.’

ஆபீஸ் நம்பரை அனுப்பினேன். பிறகு பதிவேட்டில் அந்தச் சரியை எடுத்தேன். இனி மாதம் பத்துத் தடவை கேட்கும். கேட்கட்டும்.

சவரியம்மா வந்ததும் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். “தப்பு கொம்பியூட்டர்ல இல்லம்மா. நாந்தான்” என்றேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“கடுதாசி ஒண்ணும் வந்து சேரல மிஸ். எட்டு மாசமும் சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கா” என்றார்.

பிறகு, பூசைக்கென்று வைத்திருந்த காசை மேசையில் வைத்தார். “இதையும் சேத்து இன்னைக்குச் சோறு போடுங்க. அவ பேர எழுதுங்க.”

சாப்பாட்டு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பலகையில் வழக்கம்போல் எழுதினேன்: ‘இன்றைய உபயம்: ஜோசப்பின் லோரன்ஸ்.’ அவருக்கு வாசிக்கத் தெரியாது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன்.

அவரும் அதே இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

“சின்னதா இருக்கே மிஸ். பெருசா எழுதுங்க.”

பலகையை முழுக்கத் துடைத்தேன். அந்தக் கரையிலிருந்து இந்தக் கரை வரைக்கும் அவள் பெயரை மட்டும் எழுதினேன்.