மஞ்சளாய் விழுந்த படம்

தன் வேலை சுத்தமாகக் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று உதயகுமார் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஆசைப்பட்டான். பிலிம் கழுவியதில் தப்பு இருந்தால் சத்தியப்பிரியாவின் உடம்புக்கு ஒன்றுமில்லை. கழுவியது சரி என்றால், அதற்கு மேல் யோசிக்க அவனுக்குத் தைரியம் இல்லை.

சத்தியப்பிரியா அவன் மனைவி. மஸ்கட்டில் நர்ஸ் வேலை. போய்ப் பதினாலு மாதம் ஆகிறது, ஒப்பந்தம் முடிய இன்னும் பத்து மாதம் கிடக்கிறது. அங்கே வீடியோ கால் எடுக்காது. செல்பி கேட்டால் அனுப்புவாள். ஆனால் அது போனே பூசி மெழுகிய முகம். மூக்கோரத்து மச்சத்தைக்கூட அந்தப் பாழாய்ப்போன போன் துடைத்துவிடும். அந்த மச்சத்தைப் பார்க்காமல் இவனுக்கு என்ன ஏக்கம் தீரும்? அதனால்தான் கிளம்பும்போது இவனுடைய பழைய பிலிம் கேமராவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

"ரோலு முடிஞ்சதும் யாருகிட்டயாச்சும் குடுத்து விடுறேன். நீங்க கழுவிப் பாருங்க. நீங்க கழுவுற படம் பொய் சொல்லாது" என்றாள்.

போன வாரம் ஊருக்கு லீவில் வந்த ஒரு நர்ஸ் அம்மாள் அந்த ரோலைக் கொண்டுவந்து கொடுத்தாள். உதயகுமார் காரைக்குடியில் வெல்டிங் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார், சூட்டோடு பழகின கை. கழனிவாசல் வீட்டுக் குளியலறையில் வாளி நிறைய வெந்நீர் வைத்து, மருந்து பாட்டிலை அதில் முக்கி, முப்பத்தெட்டு டிகிரி வந்ததும் ஊற்றி, மூணேகால் நிமிடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு குலுக்கினான். கழுவிய நெகட்டிவைப் போனில் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி நிறத்தைப் புரட்டிப் போட வேண்டும். அதற்கு ஒவ்வொரு படத்திலும் ஏதாவது ஒரு இடத்தைத் தொட்டு 'இதுதான் வெள்ளை' என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். மற்ற நிறமெல்லாம் அதை வைத்துத் தானே சரியாகிக்கொள்ளும்.

இருபத்து மூன்று படம் அருமையாக வந்தது. கடல், பஸ் ஸ்டாப், காய்கறிக் கடையில் முருங்கைக்காய், யாருடைய பூனையோ. அவள் இருந்தது கடைசிப் படத்தில் மட்டும்தான், கூட இருக்கும் பெண் எடுத்தது. கட்டிலில் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் கப். உடம்பில் அங்கே வாங்கிய புதுச் சுடிதார். அதன் நிறம் இவனுக்குத் தெரியாது. பெண்டாட்டி போட்டிருக்கும் துணியின் நிறம் தெரியாத புருஷனாகிவிட்டோமே என்று நொந்துகொண்டான். பிறகு சுவரைத் தொட்டு, வெள்ளை என்று சொன்னான்.

படம் மஞ்சளாய் விழுந்தது. மச்சம் இருந்தது, சிரிப்பு இருந்தது. ஆனால் முகம் மஞ்சள், கப் மஞ்சள், கண்ணின் வெள்ளைகூட மஞ்சள். வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பான். ஆனால் போன மாதம்தான் "ஒரே அசதியா இருக்கு, சோறே இறங்க மாட்டேங்குது" என்று அவள் சொல்லியிருந்தாள். நர்ஸுக்குக் காமாலையை மறைக்கத் தெரியாதா என்ன? ஒப்பந்தத்தை முடித்துவிட்டுத்தான் வருவேன் என்கிற பிடிவாதக்காரி வேறு.

கடைசிப் படம் சுருளின் ஓரத்தில் இருந்ததால் அங்கே மட்டும் மருந்து சரியாகப் பிடிக்கவில்லையோ என்று நினைத்துக்கொண்டான். மருந்து பழசாகியிருக்கலாம், தெர்மாமீட்டர் பொய் சொல்லியிருக்கலாம். மறுநாளே புது ரோலைப் போட்டு, கூட வேலை பார்க்கும் நாகநாதனைப் பட்டறை வாசலில் நிறுத்தி, கையில் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து இருபத்து நான்கு படம் எடுத்தான்.

"எதுக்குப்பா இத்தனை? எனக்கு என்ன பொண்ணா பாக்குற?" என்றான் நாகநாதன்.

"கடைசிப் படத்துல நீ மஞ்சளா வரணும்டா. வேண்டிக்க."

அதே மருந்து, அதே வாளி, அதே தெர்மாமீட்டர். தாளைத் தொட்டு வெள்ளை என்றதும் நாகநாதன் கடைசிப் படத்திலும் தன் சொந்தக் கருப்பில், பல்லெல்லாம் தெரிய நின்றான். உதயகுமாருக்கு அவனைக் கன்னத்தில் அறையலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் கூப்பிட்டாள். படத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசினான்.

"சாப்பிட்டீகளா?"

"ஆச்சு. நீ சாப்பிட்டியா? சோறு இறங்குதா?"

"அதெல்லாம் அப்பவே சரியாப்போச்சு. படம் கழுவிட்டீகளா? நான் எப்புடி இருக்கேன்?"

காமாலையா என்று கேட்க வாய் வரவில்லை. சுற்றி வளைத்தான்.

"கையில வச்சிருக்கியே, அந்த மஞ்சக் கப்பு நல்லாருக்கு."

"மஞ்சக் கப்பா? எங்கிட்ட ஏது மஞ்சக் கப்பு? அது வெள்ளைக் கப்புல."

உதயகுமார் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லு. பாலு மாதிரி வெள்ளையா?"

"ஆமாங்கிறேன். இப்பவும் அதுலதான் காப்பி குடிக்கிறேன். ஏன், என்ன ஆச்சு?"

"அப்ப உனக்குப் பின்னாடி இருக்க சுவரு? அது வெள்ளைதானே?"

  

"வெள்ளைதான்" என்றாள், மெதுவாக. "நம்ம வீட்டு வெள்ளை."

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. ஒவ்வொரு பொங்கலுக்கும் சுண்ணாம்பு கரைக்கும்போது அவர்களுக்குள் நடக்கும் சண்டை அது. வெள்ளை பளிச்சென்று இருக்க எல்லா வீட்டிலும்தான் கொஞ்சம் நீலம் கலப்பார்கள். சத்தியப்பிரியா, கீழச்சிவல்பட்டிக்காரி, கை நிறையப் போடுவாள். சுவரா, வானமா என்று இவன் கேலி பண்ணுவான்.

"யூனிபாரம் துவைக்கக் கொண்டாந்த சொட்டு நீலம் இருந்துச்சு. ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட் வாங்கி அதுல ஊத்தி, என் கட்டில் பக்கத்துச் சுவருக்கு மட்டும் அடிச்சேன். காலையில முழிச்சதும் கண்ணுக்கு நம்ம சுவரு வேணும்ல. உங்ககிட்டச் சொன்னா அழுவீகன்னுதான் சொல்லலை."

அந்த நீலத்தை வெள்ளை என்று சொன்னதால்தான், கம்ப்யூட்டர் நீலத்தை எடுக்கப்போய் மற்றதையெல்லாம் மஞ்சளாக்கியிருக்கிறது. அவன் கப்பைத் தொட்டு, இதுதான் வெள்ளை என்றான். சுவர் வெளிர் நீலமாயிற்று. சுடிதார் அரக்குச் சிவப்பு. மஞ்சள் வடிந்து அவள் முகம் அவளுடைய மாநிறத்துக்கு வந்தது. பெரிதாக்கிக் கண்ணைப் பார்த்தான். வெள்ளையாக, தெளிவாக, இவனையே பார்த்தது. பதினாலு மாதம் கழித்து அவளைப் பார்த்துவிட்டான்.

"என்ன சத்தத்தையே காணோம்?"

"உன்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"எப்புடி இருக்கேன்?"

"கொஞ்சம் கருத்திருக்க."

அவள் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டாள்: "நம்ம வீட்டுச் சுவரு எப்புடி இருக்கு?"

கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தான். பொங்கலுக்கு அவனேதான் அடித்தான். தாள் மாதிரி வெறும் வெள்ளை. அப்படியேதான் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தான், முடியவில்லை.

"இந்த வருசம் நீலம் போடலை, சத்தியா."

"ஏன்? நீங்கதான் அது வேணாம் வேணாம்பீகளே, அதுக்கா?"

"இல்லை. சுண்ணாம்பைக் கரைச்சு வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். போதும்னு சொல்ல நீ இல்லை. எவ்வளவு போடணும்னு எனக்குத் தெரியலை."