ரோண்டா இருந்த ஊர்களின் காற்று

1986 ஜூலை பதினேழாம் தேதி காலையில் செத்துப்போன ஏசி, அன்று பிற்பகல் மூன்றரை மணிமுதல் தானாகக் காற்றை ஊதத் தொடங்கியது. அது வண்டி நின்ற இடத்தின் காற்று அல்ல, ரோண்டா இருந்த இடத்தின் காற்று. வண்டி வெண்டல் ஹாகியுடையது. மினசோட்டாவில் இருந்த வீட்டை விற்று அவரும் மனைவி மார்லிஸும் வாங்கிய, 1975இல் கட்டப்பட்ட, அடுப்பும் படுக்கையும் உள்ளேயே அமைந்த வீட்டுவண்டி. ரோண்டா அவர்களுடைய ஒரே மகள், அப்போது பத்தொன்பது வயது. யூட்டாவின் உப்புவெளியைக் கடக்கும்போது அவள், "இந்த வண்டிக்குள்ள மூச்சு விட முடியலப்பா, ஏதாவது ஒரு ஊர்ல நில்லுங்களேன், ஒரே ஒரு ஊர்ல" என்றாள். அவள் ஏசியைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது மூவருக்கும் தெரியும். வெண்டல், "ஜன்னலைத் திறந்துக்க" என்றார். அடுத்த பெட்ரோல் நிலையத்தில் கழிப்பறைக்கென்று இறங்கியவள் திரும்பவில்லை. பத்தொன்பது வயதானவள் தன் விருப்பப்படி போகலாம் என்று காவல் நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். அன்று மூன்றரை மணிக்கு, பெல்ட் அறுந்து வாயுவும் தீர்ந்துபோன அந்த ஏசியின் துளைகளிலிருந்து லாரி டீசலும் புல்வெட்டிய வாசமும் கலந்த ஈரக்காற்று வந்தது. மார்லிஸ் தன் முகத்தைத் துளையருகே வைத்து, "யாரோ லாரியில ஏத்திக்கிட்டாங்க. மழை பெய்யிற பக்கம் போறா" என்றாள்.

அதன்பின் இருபத்தேழு ஆண்டுகள் அவர்கள் அந்தக் காற்றைப் பின்தொடர்ந்தார்கள். பைன் மரப் புகை வந்தால் மலைப்பக்கம் போனார்கள். அழுகிய சர்க்கரைக் கிழங்கு நாறினால் வடக்கே போய், கிழங்கு அறுவடையில் கூலிக்குச் சேர்ந்து, கூட வேலை செய்தவர்களின் முகங்களையெல்லாம் பார்த்தார்கள். ஒரே வாசமுடைய ஊர்கள் அந்த நாட்டில் நூற்றுக்கணக்கில் இருந்தன. சரியான ஊரை அவர்கள் ஊகித்துச் சேர்வதற்குள் காற்று மாறிவிடும். காற்று குழப்பமாக இருந்த குளிர்காலங்களில் மட்டும் அரிசோனாவின் மேற்கோரப் பாலைவனத்தில், ஆயிரக்கணக்கான வீட்டுவண்டிகளுக்கிடையே, ஒரே இடத்தில் போய் நின்றார்கள். அங்கிருந்தவர்கள் இதில் வியப்பதற்கு எதையும் காணவில்லை. "இன்னைக்கு உன் பொண்ணு எங்க, மார்லிஸ்?" என்று விசாரிப்பார்கள், "பனி பெய்யுது. பக்கத்துல யாரோ ஆரஞ்சு உரிக்கிறாங்க" என்று மார்லிஸ் பதில் சொல்வாள்.

இதற்கு அவர்கள் கொடுத்த விலை எஞ்சின். ஏசிக்குரிய கம்பிவலை ரேடியேட்டரின் முகத்தை மறைத்து நின்றதால் ஒவ்வொரு மலையேற்றத்திலும் தண்ணீர் கொதித்து வழிந்தது. ஏசியை முழுக்கக் கழற்றிவிட்டால் எஞ்சின் குளிரும் என்று வெண்டல் ஆண்டுதோறும் சொன்னார்; அதைத் தொட்டால் மகளைத் தொலைத்ததாகிவிடும் என்று மார்லிஸ் ஆண்டுதோறும் மறுத்தாள்.

1997 அக்டோபரில் காற்று உப்புக் கரித்தது. ஆரிகன் கடற்கரைக்கு ஓடினார்கள். போய்ச் சேர்ந்த வாரத்தில், மழை நனைத்த கிரியோசோட் புதரின் கசந்த வாசம் துளைகளிலிருந்து வந்தது. அவர்கள் குளிர்காலங்களில் நிற்கும் பாலைவனத்தின் வாசம் அது. "அவ நம்ம இடத்துல வந்து நிக்கிறா, வெண்டல். இப்பவே திரும்பு" என்றாள் மார்லிஸ். மலைப்பாதைகளில் பனி விழுந்திருந்தது, எஞ்சின் இரண்டு முறை கொதித்திருந்தது, வெண்டல் களைத்திருந்தார். "அது நம்ம வண்டியில ஒட்டிக்கிட்டிருக்கிற நம்ம மண்ணு வாசம். இத்தனை குளிர்காலம் அங்க நின்ன வண்டி வேற எப்படி மணக்கும்?" என்றார். மார்லிஸ் நம்பினாள், நம்பாதிருந்தால் அவளால் அந்தக் குளிர்காலத்தைக் கடந்திருக்க முடியாது. ஏப்ரலில் அவர்கள் பாலைவனம் திரும்பியபோது துளைகளில் தேவதாரு மரத்தூள் மணந்தது. அந்தக் குளிர்காலத்தில் அங்கே நின்றவர்கள் எல்லாரும் கலைந்துவிட்டிருந்தார்கள். பாலைவனத்தில் யாரும் யாருடைய பெயரையும் கேட்டுவைப்பதில்லை.

2013 ஆகஸ்டில் கோதுமைத் தூசி வீசியது. நவம்பரில் ஒரு நாள் காற்று நின்றது. அது எதைக் குறிக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மார்லிஸ் மேலும் மூன்று குளிர்காலங்கள், சமைத்து முடித்தபின், அசையாத அந்தத் துளைகளின்முன் உட்கார்ந்திருந்தாள்.

2016 மார்ச்சில் ஒரு காலை, காபியை வைத்துவிட்டு, "அதைக் கழட்டிடலாம்" என்றாள். இம்முறை மறுத்தவர் வெண்டல். "இப்ப எதுக்கு? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது" என்றார். கோதுமை லாரிகளைப் பழுதுபார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வண்டி அர்டித், அதற்குள் கருவிப்பெட்டியோடு வந்துவிட்டாள். "முப்பது வருஷமாக் கழட்டணும் கழட்டணும்னு உயிரை வாங்கினது நீதானே, பெரியவரே? இப்ப என்ன, உள்ள பழைய காதலி கடுதாசி ஏதாவது ஒளிச்சு வச்சிருக்கியா?" என்றாள். வெண்டல் சிரிக்காமல் ஒதுங்கி வழிவிட்டார்.

முதலில் ரேடியேட்டர் முகத்திலிருந்த கம்பிவலை வந்தது. பிறகு எஞ்சினோடு பிணைந்திருந்த கம்ப்ரசர். அது போன இடத்தைக் கயிற்றால் அளந்து அர்டித் குட்டையான வேறு பெல்ட்டைப் பூட்டினாள். கடைசியாக, டாஷ்போர்டுக்கு அடியில் பதினொரு திருகாணிகளில் தொங்கிய குளிர்ப்பெட்டியை மார்லிஸ் தன் மடியில் இறக்கிக்கொண்டு மூடியைத் திறந்தாள். இத்தனை ஆண்டுகளும் வெளியே வந்தவை வாசமும் ஈரமும் மட்டுமே. காற்று சுமந்துவந்த மற்றவையெல்லாம் உள்ளேயே படிந்து, அடுக்கடுக்காக இறுகியிருந்தன. அடியில் வெள்ளை உப்பு. அதன்மேல் பைன் ஊசிகள், கிழங்குச் சக்கை, கரி, மறுபடி ஊசிகள், கடல் மணல். இவற்றில் எந்த அடுக்கும் நகத்தின் கனத்தைத் தாண்டவில்லை. கடல் மணலுக்குமேல் கிரியோசோட்டின் சிற்றிலைகள் இருந்தன. வண்டியில் ஒட்டிய பழைய மண்ணாக இருந்திருந்தால் எல்லா அடுக்கிலும் கலந்திருக்க வேண்டும். இலைகள் அந்த ஓரிடத்தில் மட்டுமே இருந்தன. அவற்றுக்குமேல் தேவதாரு மரத்தூள். மார்லிஸ் இலைகளின்மேல் விரலைப் படுக்கவைத்து அளந்தாள்.

"ரெண்டு விரல்" என்றாள். "ஒரு ராத்திரி, ரெண்டு ராத்திரி இல்ல. குளிர்காலம் முழுக்கக் காத்துக்கிட்டு இருந்திருக்கா."

வெண்டல் படிக்கட்டில் உட்கார்ந்தார். "நான் பொய் சொல்லல, மார்லிஸ். நிஜமாவே அப்படித்தான் நெனச்சேன்."

"தெரியும். நானுந்தான் நெனச்சேன்." இலைகளிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு, "அப்படி நெனைக்கிறதுதான் சுலபமா இருந்துச்சு" என்றாள்.

அர்டித் மேலடுக்கில் இருந்த கோதுமை உமியையும் கறுத்த மண்ணையும் உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாள். கிழக்கு வாஷிங்டன் குன்றுகளின் மண். அவள் நாற்பது ஆண்டுகள் நகக்கண்ணிலிருந்து தோண்டியெடுத்த மண். அங்கே ஐந்தாறு சிற்றூர்கள்தான் உண்டு என்றாள். டாஷ்போர்டுக்குப் பின்னிருந்த ஓட்டையை அலுமினியத் தகட்டால் அடைத்து, விளிம்புகளுக்குப் பசை பூசினார்கள். மறுநாள் வெண்டலும் மார்லிஸும் வடக்கே புறப்பட்டார்கள். வழியில் ஏறிய நான்கு மலைகளிலும் எஞ்சின் ஒருமுறைகூடக் கொதிக்கவில்லை.

நான்காவது சிற்றூரில், ஒரு மாலை, கல்லறைத் தோட்டத்தில் புல்வெட்டும் எமெரி என்பவர் ரோண்டாவின் பெயரைக் கேட்டதும் குன்றின் மேல்வரிசைக்கு அழைத்துச் சென்றார். தானியக் கிடங்கில் அவளோடு வேலை பார்த்தவர்கள் நட்ட சிறிய கல். ரோண்டா ஹாகி, 2013. நுரையீரல் சளிக்காய்ச்சல் என்றார். "இது ஒண்ணு மட்டும் வேற மாதிரிம்மா. சுத்திலும் முழங்கால் அளவு பனி கெடக்கும், இதுமேல ஒரு பொட்டு நிக்காது. ஜனவரியில கைய வச்சா மண்ணு சுடும். மழை பேஞ்ச பாலைவனம் மாதிரி ஒரு வாசம் வேற. எனக்குப் பழகிப்போச்சு, பனி தள்ளுற மண்வெட்டி வேலை மிச்சம்" என்றார். அது அவர்கள் குளிர்காலங்களில் நின்ற பாலைவனத்தின் வாசம். வேலியோரமாக வண்டியை நிறுத்தி, தகர டப்பாவில் இருந்த சூப்பைச் சுடவைத்துக் குடித்து, படுத்துக்கொண்டார்கள்.

விடிந்ததும் எமெரி வந்து மேல்வரிசையைப் பார்த்தார். முதல்முறையாக, மற்றக் கல்லறைகளைப் போலவே ரோண்டாவின் கல்லறைமீதும் இரவில் பெய்த பனி படிந்திருந்தது. அவர் வேலியோரம் நின்ற வண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கீழ்வரிசையிலிருந்து வேலையைத் தொடங்கினார்.