நானூற்றைம்பது சொற்கள்

மூன்றாவது முறையும் தன் எண் தட்டச்சுத் தேர்ச்சிப் பட்டியலில் இல்லை என்று தெரிந்த அன்று அஜ்மத் பேகம் அழவில்லை. அழுதிருந்தால் சக்கரபாணி ஆறுதலாக நாலு வார்த்தை பேசி அனுப்பியிருப்பார். அழாமல் நின்றதால் மனதில் பட்டதைச் சொன்னார்.

"இங்க என் கண்ணெதிர நிமிஷத்துக்கு அம்பது வார்த்தை அடிக்கிறம்மா. தப்பு வர்றதேயில்ல. பரீட்சையில போய் முப்பத்தஞ்சு தாண்டல. கொறை உன் விரல்ல இல்ல. வேற எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல."

திருவண்ணாமலையில் தேரடிக்குப் பின்னால் இரண்டாம் மாடியில் இருந்த தட்டச்சுப் பள்ளி அவருடையது. அது 1981, ஏப்ரல் மாதம். அஜ்மத்துக்கு இருபத்தொன்பது வயது. கணவன் இறந்த பிறகு அண்ணன் சாந்த் பாஷாவின் வீட்டுக்கே திரும்பி வந்தவள், வந்த வருடமே ஆங்கிலத் தட்டச்சில் முதல் நிலையான லோயர் தேறி, கீழ்பென்னாத்தூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் தற்காலிகத் தட்டச்சராகச் சேர்ந்திருந்தாள். அந்த வேலையை நிரந்தரம் ஆக்கப்போகிறார்கள். அதற்கு அடுத்த நிலையான ஹையரும் தேறியிருக்க வேண்டும். சங்கச் செயலாளர் இராமலிங்கம் நல்ல மனிதர்தான். ஆனாலும் நவம்பர் கூட்டத்துக்கு மேல் தன்னால் தள்ளிப்போட முடியாது என்று சொல்லிவிட்டார். இடையில் ஒரே ஒரு தேர்வு, ஆகஸ்டில்.

பேருந்தில் வீடு திரும்பும்போதெல்லாம் அவள் அதையே குடைந்தாள். பரீட்சையில் அப்படி என்ன நடக்கிறது? பத்து நிமிடம், நானூற்றைம்பது சொற்கள். மணி அடிக்கும். முப்பது இயந்திரங்கள் ஒரே நேரத்தில் கடகடவென்று கிளம்பும். அந்தக் கணமே அவள் காது பக்கத்து இயந்திரத்துக்குப் போய்விடும். அவள் இரண்டாம் வரியில் இருப்பாள், பக்கத்து இயந்திரத்தில் மூன்றாம் வரி முடியும் மணி கேட்கும். உடனே துரத்துவாள். ஒரு பிழை விழும். ஐயோ பிழை என்று நினைப்பதற்குள் இன்னொன்று விழும். மூன்று முறையும் இதேதான் நடந்தது. விரல் தேறியிருந்தது. மனதை மட்டும் யாரும் உட்கார வைத்துப் பழக்கவில்லை.

அப்படியானால் அதையும் பழக்கிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள்.

சாந்த் பாஷா தகரப் பெட்டி செய்பவர். வீட்டின் முன்பக்கமே பட்டறை. காலையிலிருந்து மாலைவரை மூன்று பேர் சுத்தியலால் தகரத்தை அடித்துக்கொண்டிருப்பார்கள். அந்த இரைச்சலுக்குப் பயந்து இத்தனை நாள் பின்கட்டில் ஒதுங்கியவள், மே மாத முதல் வாரம் பட்டறைக்கு நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். வீட்டில் இயந்திரம் கிடையாது. அட்டையில் கட்டம் போட்டு எழுத்துகளை வரைந்துகொண்டாள். பக்கத்தில் ஓர் ஆங்கிலச் செய்தித்தாள். அதைப் பார்த்து அட்டையில் பத்து நிமிடம் அடிப்பாள். மனம் வேறெங்காவது போனது தெரிந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுத் தொடர்வாள்.

முதல் நாள் இருபத்து மூன்று கோடுகள்.

பட்டறை ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தெருவில் பேச்சு வரும் என்று அண்ணன் முணுமுணுத்தார். வந்தால் வரட்டும், நீங்கள் எனக்கு உதவி செய்யுங்கள் என்றாள் அவள். நான் அடித்துக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் என் பின்னால் ஒரு தகரத்தைக் கீழே போடுங்கள் என்று கேட்டபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் போட்டார். அவள் முக்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். ஜூன் கடைசியில் போட்டபோது தோள் மட்டும் அசைந்தது. கோடுகள் ஒன்பதாகியிருந்தன.

விடிகாலையில் தொழுகை முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, நடக்கப்போகும் பரீட்சைக்குள் நுழைவாள். கூடத்தின் வாசல், பெஞ்சு, இயந்திரத்தில் தாளைச் செருகுவது, மணி. வெறும் நினைப்புக்கே உள்ளங்கை வியர்த்தது. வியர்க்கட்டும் என்று விட்டுவிட்டு முதல் எழுத்தை அடிப்பாள், பிறகு அடுத்த எழுத்து. ஒரு பிழை விழுவதாகவும் வேண்டுமென்றே நினைத்துக்கொள்வாள். விழுந்ததை அங்கேயே விட்டுவிட்டு நகர்வாள். ஆகஸ்டு வந்தபோது அட்டை ஓரத்தில் நாலே கோடுகள்.

தேர்வன்று அவள் இடப்பக்கம் உட்கார்ந்தவள் வேதா. அதே தட்டச்சுப் பள்ளியில் பயில்பவள், இருபது வயது, அங்கே அவளை மிஞ்ச ஆள் இல்லை. போன முறை பக்கத்தில் வேதா இருந்திருந்தால் அஜ்மத் முதல் வரியிலேயே துரத்தத் தொடங்கியிருப்பாள். இப்போதும் நெஞ்சு அடித்துக்கொண்டது. அடித்தால் அடிக்கட்டும் என்று விட்டாள்.

மணி அடித்தது. வேதாவின் இயந்திரம் மழைபோலக் கொட்டியது. அஜ்மத் தன் எழுத்தைப் பார்த்தாள். மூன்றாம் வரியில் ஒரு பிழை. விட்டுவிட்டு நகர்ந்தாள். ஐந்து நிமிடம் ஆயிற்று என்று மேற்பார்வையாளர் அறிவித்தது எங்கோ தொலைவில் கேட்டது. இப்படியொரு ஓட்டம் பரீட்சையில் அவளுக்கு வாய்த்ததே இல்லை.

அப்போது இடப்பக்கம் டப்பென்று ஒரு சத்தம். வேதாவின் இயந்திரம் நின்றுவிட்டது. உருளையை இழுக்கும் நாடா அறுந்திருந்தது. மேற்பார்வையாளர் ஓடிவந்தார், குனிந்து ஏதோ பேசினார். அதன்பின் அந்தப் பக்கம் இயந்திர ஓசையே இல்லை.

இரைச்சலுக்கெல்லாம் அஜ்மத் பழகியிருந்தாள். இதற்குப் பழகவில்லை. வேதா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பாவம், அழுகிறாள். நான்கு மாதம் கட்டிக் காத்த மனம் ஒரே தாவலில் அந்தப் பக்கம் போய்விட்டது. விரல்கள் நின்றன. வினாத்தாளைப் பார்த்தாள், எந்த வரியில் விட்டோம் என்று தெரியவில்லை. இரண்டு வரிகள் ஒரே சொல்லில் தொடங்கின. இதுவா, அதுவா? கண் மேலும் கீழும் ஓடியது. மற்ற இயந்திரங்கள் எல்லாம் போய்க்கொண்டிருந்தன. நவம்பர் கூட்டம், இராமலிங்கத்தின் முகம், அண்ணன் வீட்டுப் பின்கட்டு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

ஒரு கோடு, என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள். இந்த ஒரு கோட்டைப் போட்டாயிற்று.

வினாத்தாளை விட்டுவிட்டுத் தன் இயந்திரத்தில் கடைசியாக விழுந்திருந்த சொல்லைப் பார்த்தாள். அதை வினாத்தாளில் தேடினாள். கீழ்வரியில் இருந்தது. விரலை வைத்தாள்.

அதன்பிறகுதான் உண்மையான சோதனை. எத்தனை நொடி போனதென்று தெரியாது. பாய்ந்து பிடி, பாய்ந்து பிடி என்று கை துடித்தது. மூன்று முறை அவளைக் கவிழ்த்தது அந்தத் துடிப்புதான். அவள் பாயவில்லை. பட்டறையில் அடித்த அதே கதியில் அடித்தாள். போன நொடிகள் போகட்டும் என்று விடுவது, தகரம் விழும் சத்தத்தைத் தாங்குவதைவிட எவ்வளவோ கடினமாக இருந்தது.

மணி அடித்தபோது மூன்று சொற்கள் மிச்சம் இருந்தன.

வெளியே வந்ததும் வேதாவைத் தேடிப் போனாள். வேறு இயந்திரத்தில் அடுத்த அணியோடு எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள் வேதா, கவலையே இல்லாமல்.

"அப்ப ஏன் அழுத?"

"நானா? இல்லக்கா. ரெண்டு நாளா ஜலதோஷம்."

அஜ்மத்துக்குக் கோபம் வருவதா சிரிப்பு வருவதா என்று தெரியவில்லை.

முடிவு வர அக்டோபர் ஆயிற்று. அதுவரை அந்த மூன்று சொற்கள் அவளைத் தூங்கவிடவில்லை. பட்டியலில் முதல் வகுப்பு வரிசையை மேலிருந்து கீழாக இரண்டு தடவை பார்த்தாள். வேதாவின் எண் இருந்தது, அவளுடையது இல்லை. போய்விடலாம் என்று திரும்பியவளைச் சக்கரபாணி நிறுத்தினார்.

"கீழ பாரும்மா. செகண்ட் கிளாஸ்னு ஒண்ணு இருக்கு."

இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்போதுதான் அழுகை வந்தது, நிறுத்த முடியாமல்.

நவம்பர் கூட்டம் முடிந்த மறுநாள் காலை இராமலிங்கம் கையால் எழுதிய ஒரு படியைக் கொண்டுவந்து அவள் மேசைமேல் வைத்தார். "இத அடிச்சிக் குடும்மா, கையெழுத்துப் போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவளுடைய நியமன ஆணை. தாளைச் செருகி, சங்கத்தின் பெயர், தேதி, பொருள் எல்லாம் சீராக அடித்து வந்தவள், தன் பெயரில் ஓர் எழுத்தைத் தவறவிட்டாள். உருவிக் கிழித்துப் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே வேறு தாளை எடுத்தாள்.