சர்க்கரை போடாத ருபார்ப்

என் பூஞ்சை வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தது.

எங்கள் கொல்லையில் விளையும், சர்க்கரை போட்டு வேகவைத்துத் தின்கிற ருபார்ப் செடியின் புளிப்புத் தண்டுக்குள்ளேயே, செடிக்கு ஒரு கெடுதலும் செய்யாமல் குடியிருந்த பூஞ்சை அது. அழுகல் பூஞ்சை பக்கத்தில் வந்தால் எதையோ சுரந்து துரத்திவிடும். அது என்ன என்று கண்டுபிடிக்கத்தான் நான் பெர்கன் நகர ஆய்வகத்துக்கு வந்தேன். என் கணவன் டோர்கெல் ஆடுகளோடு எங்கள் ஊர் ஹார்டங்கரிலேயே தங்கிவிட்டான்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கண்ணாடித் தட்டில் அழுகலை அருகே வைத்தால் நடுவில் அழுகல் அண்டாத ஒரு வெற்று வளையம் நிற்கும். ஈஸ்டர் வருவதற்குள் வளையம் காணாமல் போனது. பூஞ்சை நன்றாகத் தின்றது, வெள்ளைவெளேரென்று கொழுத்தது, வேலை மட்டும் செய்யவில்லை. செடியைப் பிரிந்தால் சில பூஞ்சைகள் இப்படி ஆகிவிடும். செடியின் சாற்றைக் கொடுத்தால் மீளலாம், மீளாமலும் போகலாம். மே முடிவதற்குள் வளையம் வராவிட்டால் ஆய்வையே மூடிவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது.

டோர்கெலுக்குப் போன் செய்தேன். “ருபார்ப் வேணும். நம்ம கொல்லைல இருக்கிறதேதான்.”

“சரி.”

அவ்வளவுதான். அவனிடம் பேசுவது செவிடன் காதில் ஊதிய சங்கு.

சனிக்கிழமை அவனே வந்தான். பையிலிருந்து ஒரு ஜாடியை எடுத்து வைத்தான். உள்ளே தண்டெல்லாம் வெந்து குழைந்து கிடந்தது.

“சமைச்சுட்டியா?” எனக்கு அழுகையே வந்துவிட்டது. “திங்கறதுக்கா கேட்டேன்? வேக வச்சதுகூடப் பரவால்ல, நாங்களும் கொதிக்கவச்சுதான் ஊத்துவோம். சர்க்கரையக் கொட்டிட்டியேப்பா. அது இன்னும் தின்னு கொழுக்கும், அவ்வளவுதான்.”

“சர்க்கரை போடலயே.”

“ஏன்?”

“நீ விட்டுட்டதா சொன்னியே. கிறிஸ்மஸ் முடிஞ்சு, போன்ல. பல் டாக்டர் திட்டினார்னு.”

சொல்லியிருந்தேன். மழையைப் பற்றியும் ஆட்டின் குளம்பைப் பற்றியும் பேசியதற்கு நடுவே, ஒரே ஒரு தடவை. அவன் அதற்கும் “ம்” என்றுதான் சொல்லியிருந்தான். இத்தனை நாள் சங்கு அவன் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

பாதியை வடிகட்டிப் பூஞ்சைக்கு ஊற்றினேன். மீதியை வெளிப்படியில் உட்கார்ந்து ஒரே கரண்டியால் மாறி மாறித் தின்றோம். டோர்கெல் கண்ணை இறுக்கிக்கொண்டு விழுங்கினான்.

“இதையா இப்படியே திங்கற?”

ஆடுகளைப் பக்கத்துப் பண்ணையில் ஒப்படைத்துவிட்டு, முடிவு தெரியும்வரை என்னோடு இருந்தான். வளையம் வந்தது. நகக்கண் அகலம்தான், ஆனால் வந்தது. அவன் தட்டின் மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

“சாறு தீந்ததும் மறுபடி நிறுத்திடுமா?”

“நிறுத்திடும்.”

“அப்ப தபால்ல அனுப்பவா?”

“வேணாம். நீயே கொண்டு வா,” என்றேன்.

பூஞ்சைக்குத் தபாலே போதும். எனக்குத்தான் போதாது.