காலாமைக்குள் பதினோரு நிமிடம்

சிவகணேஷ், சீவலப்பேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாற்று ஆசிரியர். பானிப்பட்டில் போர் நடந்த வருடத்தைச் சொல்ல அவனுக்குப் புத்தகத்தைப் புரட்டியாக வேண்டும். ஆனால் ‘முந்தாநாள்’ படத்தின் மூன்று பாகங்களிலும் வருகிற கால இயந்திரத்தில் எத்தனை ஆணிகள் என்று தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவான். நூற்று நாற்பத்தாறு.

அந்த இயந்திரத்துக்குப் படத்தில் காலாமை என்று பெயர். ஆமை ஓட்டைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு தகரக் கூடு. உள்ளே ஓர் ஆள் உட்கார இடம். வலக்கைப் பக்கம், பிடி வைத்த ஓர் இரும்புச் சக்கரம். கதாநாயகன் அதைச் சுற்றினால் இரண்டு நாள் பின்னால் போய்விடுவான். போய், செய்த தப்பைத் திருத்துவான். திருத்துகிற வேகத்தில் புதிதாக ஒன்றைச் செய்து வைப்பான். மூன்று பாகம் ஓடியும் திருத்தி முடியாததால் நான்காவதையும் எடுத்துவிட்டார்கள்.

சிவகணேஷ் நடத்திய வாட்ஸப் குழுவுக்கு ‘காலாமை ஆய்வு மையம், நெல்லை’ என்று பெயர். முந்நூற்றுப் பன்னிரண்டு ஆய்வாளர்கள். செல்போனில் படத்தை நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் ஆய்வு. தினமும் காலையில் பல் தேய்க்கிறானோ இல்லையோ, ஒரு தகவலைப் போட்டுவிடுவான். இருநூறைத் தாண்டியிருந்தது. அவற்றில் அவன் உயிராக மதித்தவை இரண்டு. காலாமையின் இடப்பக்கம் பதினேழு நசுங்கல்கள் இருக்கின்றன. அவை கதாநாயகன் போய்வந்த பதினேழு பயணங்களைக் குறிக்கும். இது ஒன்று. முதல் பாகத்தில் சிவப்பாக இருந்த விளக்கு, இரண்டாம் பாகத்தில் பச்சையாகிறது. ஆகவே கதை அங்கிருந்து வேறோர் உலகத்தில் நடக்கிறது. இது மற்றொன்று. விளக்கைப் பற்றி மட்டும் பதினான்கு பக்கக் கட்டுரை எழுதியிருந்தான். நாங்குநேரி கணேஷ்ராம், குழுவின் துணைத்தலைவர், அதை முழுக்கப் படித்ததாகச் சொல்லிக்கொண்டான்.

பாளையங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருந்த சிவகணேஷின் மனைவி விஜயஸ்ரீயும் அந்தக் கட்டுரையைப் பார்த்தாள். “இதுக்கு மாத்திர இருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேன்” என்றாள்.

நான்காம் பாகத்துக்கு விளம்பரமாக, படப்பிடிப்பில் பயன்படுத்திய அசல் காலாமையை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். வண்ணார்பேட்டையில் ஒரு வணிக வளாகத்தில் ஞாயிற்றுக்கிழமை வினாடி வினா. ஜெயிக்கிறவர் காலாமைக்குள் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். சிவகணேஷ் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டுக்கொண்டு போனான்.

முதல் சுற்று எழுத்துத் தேர்வு. பத்துக் கேள்விகளும் இயந்திரத்தின் உடம்பைப் பற்றியவை. பத்துக்குப் பத்து வாங்கியது இரண்டு பேர். ஒருவன் சிவகணேஷ். மற்றவர் பேட்டையிலிருந்து வந்த மஹ்மூதா பீவி என்ற ஐம்பது வயதுப் பெண். கையில் ஒரு துணிப்பை, முந்தானையில் ஒரு சொட்டு நீலப் பெயிண்ட்.

“அக்கா, நீங்க மூணு பாகமும் எத்தன தடவ பாத்திய?” என்று சிவகணேஷ் பெருந்தன்மையோடு விசாரித்தான்.

“மொதப் பாகம் பாதி பாத்தேன் தம்பி. தூக்கம் வந்துட்டு. இன்னைக்குப் பேரு குடுத்தாத்தான் வண்டிய கிட்டக்கப் போயிப் பாக்க விடுவோம்னாங்க. அதான் குடுத்தேன்.”

பாதிப் படம் பார்த்த ஒருத்தியோடு இறுதிச் சுற்றில் நிற்பதா என்று சிவகணேஷுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கலைகள் சீரழிந்து வருவதைப் பற்றிக் குழுவில் எழுத வேண்டும் என்று மனசில் குறித்துக்கொண்டான்.

சென்னையிலிருந்து வந்திருந்த தொகுப்பாளர் கையிலிருந்த அட்டையைப் பார்த்துக் கடைசிக் கேள்வியைக் கேட்டார். “காலாமையோட அந்தச் சக்கரம் எங்கிருந்து வந்துச்சு?”

சிவகணேஷ் மணியை அடித்தான். “ஜெர்மனி. உடைக்கப்பட்ட ஒரு நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து எடுத்தது. தகவல் எண் ஒன்பது.”

“ஜெர்மனியா?” என்றார் மஹ்மூதா பீவி. “அது கரும்புச்சாறு பிழியுத மெஷின் சக்கரம்லா. ஜங்ஷன்ல தள்ளுவண்டிக்காரரு பழைய இரும்புக்குப் போட்டத நாங்கதான் வாங்கிட்டு வந்து மாட்டுனோம்.”

கூட்டம் சிரித்தது. தொகுப்பாளர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அட்டையில் ஜெர்மனி என்றுதான் இருந்தது. அட்டைக்கு மேல் ஆதாரம் ஏது? “நைஸ் ட்ரை ஆன்ட்டி” என்று சொல்லி, சிவகணேஷின் கையைத் தூக்கிப் பிடித்தார்.

சிவகணேஷ் குனிந்து காலாமைக்குள் நுழைந்தான். பன்னிரண்டு வருடக் கனவு. உள்ளே பழைய பெயிண்ட் வாடையும் யாரோ தின்ற மிக்சர் வாடையும் அடித்தன. பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தார்கள். பிறகு, படத்தில் வருகிற நீலப் பொத்தானை அழுத்தினான். படத்தில் கதவு ‘ஸ்ஸ்’ என்று திறக்கும். இங்கே பொத்தான் கழன்று கையோடு வந்தது.

இரண்டாவது நிமிடம் கதவைத் தள்ளினான். மூன்றாவது நிமிடம் உதைத்தான். வெளியே எல்லோரும் அதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். லாரியோடு வந்த ஆள் டீ குடிக்கப் போயிருந்தான். தகரக் கூடு சூடேறியது. சிவகணேஷ் மூச்சு வாங்கியபடி தகரத்தைத் தட்டினான்.

அப்போது காதுப்பக்கம் ஒரு குரல். “தம்பி, பயப்படாதிய. பைய மூச்சு விடுங்க. உங்க தலைக்கு மேல மூணு ஓட்டை இருக்கும். நாந்தான் போட்டேன்.”

“அக்கா, கதவு தெறக்கல!”

“உள்ள இருந்து தெறக்கவே தெறக்காது. பீரோ பூட்டுல்லா அது. படத்துல அடியில ஒரு ஆளு படுத்துக்கிட்டுக் கம்பிய இழுப்பான். இப்ப அந்தக் கம்பி அந்து கெடக்கு.” வெளியே திரும்பி அவர் அதட்டுவது கேட்டது. “ஏம்ப்பா, போனு புடிச்சுக்கிட்டு நிக்கியளே, ஒரு திருப்புளி கொண்டாங்க!”

திருப்புளிக்கு ஆள் ஓடியது. சும்மா இருந்தால் உள்ளே இருப்பவன் மயங்கிவிடுவான் என்று நினைத்தோ என்னவோ, மஹ்மூதா பீவி பேசிக்கொண்டே இருந்தார். முதல் பாகம் பாபநாசத்தில் எடுத்தபோது, சென்னையில் செய்த இயந்திரம் வழியிலேயே நொறுங்கிவிட்டதாம். சினிமாக்காரர்கள் அலறியடித்துக்கொண்டு பேட்டைக்கு வந்து, இரும்புக் கேட்டும் பீரோவும் செய்கிற அவர்கள் பட்டறையில் விழுந்தார்களாம். ஒன்பது நாளில் முடித்தார்களாம். கணவர் பாவா வெல்டிங், இவர் வெட்டுவதும் பெயிண்டும்.

சிவகணேஷ் வியர்வையோடு கேட்டான். “அப்ப அந்தப் பதினேழு நசுங்கல்?”

“லோடு ஆட்டோவுல ஏத்தும்போது ஜல்லி மேல உருண்டுட்டு. பதினேழா? எண்ணிப் பாத்தியளா?”

அவன் அடுத்ததைக் கேட்டான். “ரெண்டாம் பாகத்துல பச்ச லைட்டு?”

“அந்தப் பாகத்துக்கும் நாங்கதான் ரிப்பேரு பாத்தோம். செவப்பு பல்பு பீஸாப் போச்சு. அன்னைக்குப் பெருநாளு, கடை எல்லாம் பூட்டு. கல்யாண வீட்டு சீரியல் செட்டுக்காரரு ஒரு பச்ச பல்பு குடுத்தாரு. யாரு பாக்கப் போறாங்கன்னு மாட்டிவிட்டோம்.”

வேறோர் உலகம், பதினான்கு பக்கம். சிவகணேஷ் சக்கரத்தின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது. அதைப் படம்பிடிக்க ஓட்டை வழியாக ஒரு செல்போன் எட்டிப் பார்த்தது.

பதினோராவது நிமிடம் திருப்புளி வந்தது. மஹ்மூதா பீவி தரையில் படுத்து, கையை அடியில் விட்டு, எதையோ ஒரு நெம்பு நெம்பினார். கதவு திறந்தது. வெளியே வந்தவனிடம் துணிப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டு, காலாமையை ஒரு சுற்று சுற்றி வந்தார். “வெல்டு ஒண்ணு கூட விடலையே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டவுன் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்த சிவகணேஷ் செல்போனைக் கையில் எடுத்தான். என்ன இருந்தாலும் அவன் வரலாற்று ஆசிரியர். காலாமை பேட்டையில் பிறந்த கதையை, சக்கரம், நசுங்கல், பச்சை விளக்கு எல்லாவற்றோடும், தன் தப்புகளை ஒத்துக்கொண்டு குழுவில் போட்டான். காலாமையைப் பற்றி அவன் போட்ட தகவல்களில் நேரில் விசாரித்து எழுதியது அது ஒன்றுதான்.

“ஆதாரம்?” என்று கேட்டார் ஓர் ஆய்வாளர். “இவரை எதிர்த்தரப்பு ரசிகர்கள் வாங்கிட்டாங்க” என்றார் இன்னொருவர். “கரும்புச்சாறா? எங்க தலைவரக் கேவலப்படுத்தாதீங்க” என்று பலர். கணேஷ்ராம் போனில் வந்தான்.

“அண்ணாச்சி, உண்மையாவே இருக்கட்டும். பயலுவ முதுகுல ஜெர்மன் கப்பல் படம் போட்டு சட்டையும் அடிச்சாச்சு. அழிச்சிருங்க.”

“அழிக்க மாட்டேன் வே. அந்தப் பொம்பள வேர்க்க விறுவிறுக்கச் செஞ்சிருக்காவ.”

“அப்ப சரி” என்றான் கணேஷ்ராம். முக்கால் மணி நேரத்தில் ஆய்வு மையத்தை நிறுவியவர் ஆய்வு மையத்திலிருந்து நீக்கப்பட்டார். ‘உண்மையைக் காக்க’ என்று காரணமும் எழுதியிருந்தார்கள்.

நான்கு நாள் கழித்து, விஜயஸ்ரீ கடையிலிருந்து வரும்போது செல்போனை நீட்டிக்கொண்டே வந்தாள். யாரோ அனுப்பியிருந்தார்கள். தகவல் எண் இருநூற்றுப் பதினான்கு: நெல்லையில் காலாமைக்குள் ஓர் ஆசிரியர் நாற்பது நிமிடம் சிக்கிக்கொண்டார்; தீயணைப்பு வண்டி வந்து மீட்டபோது கதறி அழுதார்.

“நாப்பதா? பதினொண்ணு!” சிவகணேஷ் குதித்தான். “தீயணைப்பு வண்டி எங்க வந்துச்சு? தொறந்தது மஹ்மூதா பீவி! பேரக் கூடப் போடல பாத்தியா?”

“அழுதது?”

“வேர்வ.”

“வீடியோல கண்ணத் தொடைக்கியளே.”

“கண்ணுலயும் வேர்க்கும்.”

“சொல்லிப் பாருங்க” என்றாள் அவள், செருப்பைக் கழற்றியபடி. “ஆதாரம் கேப்பாங்க.”

அவன் கணேஷ்ராமுக்குப் போன் போட்டான். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடியும் போட்டான்.