நாலாம் பிளாக் வானம்

அல்போன்சாவுக்கு வார விடுப்பு ராத்திரிகளில் தூக்கம் வராது. தில்லி அரசு மருத்துவமனையில் பதினெட்டு வருஷமாக நர்ஸாக இரவுப் பணி பார்த்த உடம்பு அப்படிப் பழகிவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய கேமராவை வாங்கினாள். விடுப்பு நாட்களில் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸின் மொட்டைமாடிக்கு ஏறிப்போய் வானத்தைப் படமெடுக்கத் தொடங்கினாள்.

அவள் சேர்ந்திருந்த புகைப்படக் குழுவில் மற்றவர்கள் லடாக்குக்கும் ராஜஸ்தானுக்கும் போய்வந்தார்கள். அவளுக்கு அத்தனை நாள் லீவு ஏது?

"தில்லில நட்சத்திரம் தேடுறது வீண் வேலை சிஸ்டர்," என்பார் குழுவை நடத்திய கதிரவன்.

பிப்ரவரியில் இரண்டு நாள் மழை கொட்டி, காற்று புகையைத் துடைத்துக்கொண்டு போனது. அன்று அவளுக்கு விடுப்பு. தண்ணீர்த் தொட்டிகளுக்குப் பக்கத்தில் முக்காலியை நிறுத்தி, கேமராவை வடக்கே துருவ நட்சத்திரத்துக்கு நேராகத் திருப்பினாள். ஒரே மூச்சில் நெடுநேரம் எடுத்தால் தெருவிளக்கு வெளிச்சத்தில் படம் வெளுத்துவிடும். அதனால் பத்துப் பத்து வினாடியாக, விடாமல் எடுத்தாள். கணவன் பிராங்ளின் டீயோடு ஏறிவந்தான். கீழேயிருந்து காவலாளி டார்ச் அடித்து, யாரது என்று "கோன் ஹை?" எனக் கத்தினான்.

"நம்ம மேடம்தான் பையா! தாரே கின் ரஹீ ஹை!" என்றான் பிராங்ளின். நட்சத்திரம் எண்ணுகிறாளாம்! அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விடிவதற்குள் ஆயிரத்து இருநூறு படங்கள். மகள் ஜூலியாவின் லேப்டாப்பில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதும், நட்சத்திரங்கள் நகர்ந்த தடமெல்லாம் வளைகோடுகளாகித் துருவ நட்சத்திரத்தைச் சுற்றி நின்றன. அடியில் கறுப்புத் தொட்டிகள்.

"மம்மி, யே ஹமாரா சத் ஹை? நம்ம மாடியா இது?" ஜூலியா நம்பவில்லை.

அல்போன்சா குழுவின் கண்காட்சிக்கு அதை அனுப்பினாள். நான்காம் நாள் கதிரவன் போன் செய்தார். "தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர். லடாக் வானத்தை வெட்டி ஒட்டியிருக்குன்னு ரெண்டு பேர் சொல்றாங்க."

அல்போன்சாவுக்குக் காது சூடேறியது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, படங்களை மாட்டிக்கொண்டிருந்த லோதி ரோடு அரங்குக்குப் பஸ் பிடித்தாள். கதிரவனும் குற்றம் சொன்ன இருவரும் அங்கேயே இருந்தார்கள்.

"இந்தா இருக்கு ஆயிரத்து இருநூறும். ஒண்ணொண்ணா பாருங்க," என்றாள். "பிறகு இன்னொண்ணு. லடாக்குல துருவ நட்சத்திரம் இதைவிட உசரத்துல நிக்கும். நீங்க அங்க எடுத்த படத்தை எடுத்துப் பக்கத்துல வச்சு அளந்து பாருங்க சார்."

அளந்தார்கள். அவள் சொன்னபடியே, அவள் படத்தில் துருவ நட்சத்திரம் தாழ்வாக நின்றது. கதிரவன் வாசலுக்கு நேரே மாட்டியிருந்த தன் படத்தைத் தானே கழற்றினார்.

"இது உங்க இடம் சிஸ்டர். மன்னிச்சிருங்க. எடுத்த ஊர்னு என்ன எழுத?"

"கோல் மார்க்கெட், நாலாம் பிளாக் மொட்டைமாடின்னே எழுதுங்க."

கண்காட்சி தொடங்கிய அன்று, பணிக்குப் போகும் வழியில் யூனிஃபார்மோடு வந்து எட்டிப்பார்த்தாள். பிராங்ளின் அவள் படத்தைவிட்டு அசையவில்லை. நின்று பார்த்தவர்களிடமெல்லாம், "நான் கெட்டினவ எடுத்தது," என்று தமிழிலும் இந்தியிலும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"வாருங்க, பஸ் போயிரும்," என்றாள்.

"நீ போ. இன்னும் ஆள் வருது பாரு."

அவள் தனியாகவே பஸ் ஏறினாள். ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவளிடம், தினமும் பார்த்துப் பழகிய நடத்துனர், "க்யா பாத் ஹை சிஸ்டர், என்ன விஷயம், இன்னிக்கு ரொம்ப குஷி?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். அவள் போனைத் திறந்து படத்தைக் காட்டினாள்.