பதின்மூன்றாம் நாள் பருப்பும் சோறும்

செத்துப்போன அம்மாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. ஒரே மகள் பபித்ராதான் கொள்ளி வைத்தாள். அந்தக் கோர்க்கா மலை ஊருக்கு அது போதாதா! "பொட்டச்சி கொள்ளி வச்சா செத்தவ எப்படிக் கரையேறுவா?" என்று பங்காளிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பன்னிரண்டு நாள் பபித்ரா வெள்ளைத் துணியோடு மூலையில் கிடந்தாள். ஒருவேளைச் சோறு, அதுவும் தானே பொங்கியது. நெய் உண்டு, உப்பு கிடையாது, பருப்பு கிடையாது. யாரும் தொடக் கூடாது என்பது முறை, சரி. வாசலில் நின்று பெயரைச் சொல்லி ஒரு குரல் கொடுத்தால் வாயா வலித்துவிடும்? ஒருவரும் கொடுக்கவில்லை.

பதின்மூன்றாம் நாள் உறவுக்காரர்கள் வந்து பருப்பும் சோறும் சாப்பிட்டால்தான் தீட்டுக் கழியும், அம்மாவும் நிம்மதியாகப் போவாள் என்று நம்பினாள். வெளியூர்ப் புரோகிதர் சடங்கை முடித்து பஸ் ஏறிவிட்டார். பெரிய பானையில் சோறு வடித்து, இரும்புச் சட்டியில் கறுப்பு உளுந்தம் பருப்பு வேகவைத்து, நெய்யில் தாளித்துக் கொட்டினாள். முற்றத்தில் வரிசையாகத் தையல் இலை போட்டாள்.

வெயில் சாய்ந்தது. ஒரு ஈ காக்கை வரவில்லை. அம்மா செத்த அன்றுகூட இப்படி அநாதையாகத் தோன்றவில்லை அவளுக்கு.

அப்போதுதான் ஹரிமாயா வந்தாள். அப்பாவின் தங்கை, புருஷன் போனபின் பிறந்த ஊரோடு வந்துவிட்டவள்.

"என்னடி, கடை பரப்பி வச்சிருக்க?"

"யாரும் வரல அத்தை."

"எப்படி வருவாங்க? போகாதீங்கன்னு வீடு வீடா சொன்னதே நான்தானே."

"அப்ப நீங்க மட்டும் எதுக்கு வந்தீங்க? வேடிக்கை பாக்கவா?"

ஹரிமாயா முதல் இலைமுன் சம்மணம் போட்டாள். "புருஷன் செத்து நான் வந்து நின்னப்ப சோறு போட்டவ எங்கண்ணி. இன்னைக்கு என் வீட்டுச் சோறு தொண்டைல இறங்கலடி. போடு!"

பபித்ரா பரிமாறினாள். ஹரிமாயா பிசைந்து ஒரு வாய் போட்டாள்.

"உப்பு ஜாஸ்தி."

"ருசியே மறந்துபோச்சு அத்தை."

ஹரிமாயா இன்னும் நாலு வாய் தின்றாள். பிறகு ஆளில்லாத இலைகளை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்தால் சாப்பாடு முடிந்ததாகிவிடும். உட்கார்ந்தபடியே ஊர்ப்பக்கம் திரும்பி அடித்தொண்டையில் கத்தினாள்.

"டேய்! நான் சாப்பிட்டாச்சு! வாங்கடா! நான் சொன்னதெல்லாம் தப்புடா!"

ஒரு கதவும் திறக்கவில்லை. இன்னொரு முறை கத்தினாள். தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

"கெடக்குறானுங்க" என்று இலையை முன்னால் தள்ளினாள். கண்ணைத் துடைக்கவும் கை சும்மா இல்லை. "எல்லார் பங்கையும் நானே திங்கிறேன். ஊத்துடி பருப்ப."